பின்கேட்டுக்குக் கொடுத்த கரண்ட்

எங்கள் கடைத்தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெஸ்டர் என்றால்தான் தெரியும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை வெட்டியெடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். மெயினை இறக்கிவிட்டு வந்து டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். பிறகு புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கம்பியைப் பிடிப்பார். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை என்னுடையது. ஒரு பல்பு மாற்றவும் நான் அவரைத்தான் கூப்பிடுவேன், கரண்ட் என்றால் எனக்கு அப்படியொரு நடுக்கம். அவர் சிரிக்கமாட்டார். "பயம் இருக்கட்டும் தம்பி, நல்லதுதான்" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷர் தன் வீட்டுப் பின்கேட்டுக்குக் கரண்ட் கொடுத்து வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தபோது நான் முதலில் நம்பவே இல்லை.

அவர் வீடு ஒரு வரிசையின் கடைசியில் இருக்கிறது. முன்னால் தெரு, பின்னால் ஒரு சந்து. பின்பக்கம் துணி காயப்போடும் கொடியும் ஒரு குழாயும் உள்ள சின்ன இடம். அதற்கு இரும்புக் கேட்டு. ஒரே பையன், வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். அவர் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார். வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரம். அக்கா உள்ளறையில் படுத்திருக்கிறார், பின்கதவுத் தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்கிறது. அவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். ஆனால் அவர் வந்தால் செருப்பைக் கழற்றி உதறுகிற சத்தம் வரும். அது வரவில்லை. சமையலறையில் யாரோ தண்ணீர் மொண்டு குடித்தார்கள். டம்ளரை மெதுவாக, சத்தம் வராமல் வைத்தார்கள்.  அக்கா கண்ணை மூடிக்கொண்டார். காலடி அறை வாசல்வரை வந்து நின்றது. நின்றவன் போகவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். மூச்சு விடுவது கேட்டது. தூங்குகிறவள்போல மூச்சை இழுத்து விடவேண்டும், ஆனால் எப்படி மூச்சு விடுவது என்பதே மறந்துபோயிற்று என்று அக்கா என்னிடம் சொன்னார். பிறகு காலடி திரும்பிப் போனது. போனது ஒரு மிக்சியும் சுவர்க் கடிகாரமும்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். "பொருள் போனா போகட்டும்மா, நல்லவேளை எதிர்க்கப் போகலை" என்றார். அது டெஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. கடையில் உட்கார்ந்து புலம்பினார்.

"மிக்சிக்கா நான் அழறேன்? என் பொண்டாட்டி படுத்திருக்கற ரூம் வாசல்ல நின்னு பார்த்துட்டுப் போயிருக்கான் தம்பி. என்ன நினைச்சு நின்னான்? என்ன நினைச்சுத் திரும்பினான்? அவனா மனசு வெச்சு விட்டுட்டுப் போனதாலதான் இவ இன்னைக்கு உசுரோட இருக்கா. இதை நான் எப்படித் தாங்கறது?"

நியாயமான கேள்விதான். எனக்கும் ரத்தம் கொதித்தது. ஆனால் எனக்கு ரத்தம் கொதித்தால் பேப்பர் கட்டைப் பிரித்து அடுக்குவேன், அவ்வளவுதான். அவருக்குக் கையில் தொழில் இருந்தது.

அதை எப்படிச் செய்தார் என்று நான் விளக்கப்போவதில்லை. யாருக்கும் அது தெரியவேண்டாம். வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் பின்கேட்டில் கரண்ட் ஓடும், இதுதான் ஏற்பாடு. வெளியே கிளம்பும்போது போட வாசலோரம் ஒரு சுவிட்ச். பின்பக்கம் போகும்முன் அணைக்கச் சமையலறையில் ஒரு சுவிட்ச். மாடிப்படி விளக்குக்கு மேலேயும் கீழேயும் வைப்பார்களே, அதே மாதிரி. எதை அமுக்கினாலும் நிலை மாறும். பாவம், அக்கா வீடு முழுக்க நடக்கவேண்டாமே என்ற கரிசனம். அந்த மாதிரி சுவிட்சில் மேலே இருந்தால் ஆன், கீழே இருந்தால் ஆஃப் என்ற கணக்குக் கிடையாது. அதனால் சமையலறையில் ஒரு குட்டி சிவப்பு பல்பு மாட்டினார். பல்பு எரிந்தால் கேட்டைத் தொடாதே. எரியாவிட்டால் தொடலாம். அவ்வளவுதான் பாடம்.

ஊருக்கெல்லாம் பல்பு எரியவில்லை என்பதை நம்பிக் கம்பியைத் தொடாதே என்று சொல்கிறவர், தன் வீட்டு உயிர்களை ஒரு பல்பை நம்பி விட்டார். கோபத்தில் செய்த வேலை. கைவேலை சுத்தமாக இருந்தது, புத்திதான் அங்கே இல்லை.

அந்த நாட்களில் ஒரு வக்கீலம்மா அவரிடம் பம்ப் மோட்டார் கொடுத்திருந்தார். மோட்டாரைப் பார்க்க வந்தவர் ஏதோ நகல் எடுக்க என் கடையில் நின்றபோது, டெஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மேடம், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் கேட்கச் சொன்னாரு. வீட்டுக்குள்ள புகுந்த திருடனை அடிக்கலாமா?"

"அடிக்கற மாதிரி இருந்தா அடிக்கலாம். உங்க வீட்டுல ஒருத்தன் புகுந்து உங்க மனைவிமேல பாய வர்றான். கையில கிடைச்சதை எடுத்து அடிக்கறீங்க. அது தற்காப்பு. அதே ஆளு பயந்து திரும்பி ஓடறான், நீங்க துரத்திட்டுப் போய்ப் பின்மண்டையில போடறீங்க. அப்ப அது தற்காப்பு இல்ல, ஆத்திரம்."

"ஆத்திரம் வராதா மேடம்?"

"வரும். வந்ததுக்கு யாரும் கேஸ் போடமாட்டாங்க. போட்டு அடிச்சதுக்குப் போடுவாங்க."

"சரி, இவரு அடிக்கவே இல்ல. கேட்டுல கரண்ட் விட்டுட்டு இவரு பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டாரு. திருடன் தானா வந்து தொட்டான். இவரு என்ன பண்ணுவாரு?"

வக்கீலம்மா நகலை வாங்காமல் அவரையே பார்த்தார். "வீட்டுல ஆள் இருக்காங்களா அப்ப?"

"இல்ல."

"ஆளே இல்லாத வீட்டுல யார் உசுரைக் காப்பாத்த அந்தக் கரண்ட்டு? மிக்சி உசுரையா? தற்காப்புன்னா எதிர்ல வர்ற ஆபத்தோட அளவு பார்த்து நிறுத்தணும். பயந்து ஓடினா விடணும், கையைத் தூக்கினா விடணும். கம்பி யாரைப் பார்க்கும்? எப்ப நிறுத்தும்? அந்தத் தெரிஞ்சவர்கிட்ட சொல்லுங்க, செத்தவன் திருடனே ஆனாலும் எனக்குத் தெரிஞ்ச எந்தக் கோர்ட்டும் இதைத் தற்காப்புன்னு ஒத்துக்காது. கொலைன்னுதான் கேள்வி வரும். இன்னைக்கே அவுக்கச் சொல்லுங்க."

"சொல்றேன் மேடம்" என்றார். வக்கீலம்மா போனதும், "அவங்க வீட்டுல ஒருதடவ புகுந்திருந்தா இப்படிப் பேசுவாங்களா?" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். அந்தத் தெரிஞ்சவர் யார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அக்காவின் பாடுதான் பெரும் பாடு. புருஷன் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார், பெண்டாட்டிக்குத் தூக்கம் போனது. கடைக்குப் போகும்முன் அமுக்கவேண்டும். தெருமுனைவரை போனதும் சந்தேகம் வரும். பையன் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவன், வந்தால் பின்பக்கமாகத்தான் வருவான். பக்கத்து வீட்டுத் துணி பறந்து இங்கே விழும், எடுக்க வருவார்கள். திரும்பி வந்து பல்பைப் பார்த்துவிட்டு மறுபடி போவார். "திருடனுக்குப் பயந்து படுத்திருந்தேன் தம்பி, அன்னைக்காவது கண்ணை மூடிக்க முடிஞ்சது" என்று எல்லாம் முடிந்தபிறகு என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. புருஷனிடம் அப்போதே சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் கரண்ட் போய்விட்டது. எங்கள் தெரு மட்டுமில்லை, அவர் வீட்டுப் பக்கமும் போயிருந்தது. நான் மிஷினைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் பாதி சுற்றிய காயிலோடு உட்கார்ந்திருந்தார். அக்காவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பேசினார், கை இரண்டிலும் கம்பி.

"ஏங்க, நான் கண் டாக்டர்கிட்ட வந்துட்டேன். சிலிண்டர்காரர் போன் பண்ணாரு. பின்பக்கமா வந்து வெச்சுட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"கேட்டை ஆஃப் பண்ணிட்டல்ல?"

"பல்பு எரியலையே, ஆஃப்லதான் இருக்கு."

அவர் கையிலிருந்த கம்பி சரிந்தது. "கரண்ட்டே இல்லைம்மா இங்க. பல்பு எப்படி எரியும்? நீ சுவிட்சை அமுக்கினியா?"

 அக்காவின் குரல் சின்னதாகிவிட்டது. "அமுக்கினேன். எரியலைன்னு பயமா இருந்துச்சு, மறுபடி அமுக்கினேன். போய் மத்ததையும் அமுக்கினேன். எத்தனை தடவைன்னு… ஐயோ, எனக்குத் தெரியலைங்க."

 கேட்டு இப்போது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, அதைக் கட்டியவருக்கும் தெரியாது. கரண்ட் வந்தால்தான் தெரியும். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கேட்டைப் பிடிக்கிறவனுக்குத்தான் அது முதலில் தெரியும். சிலிண்டர்காரர் எண் இவரிடம் இல்லை. அக்காவுக்கு வந்த எண்ணுக்கு அடித்தால் ஏஜென்சி எடுத்து, ஆள் வண்டியில் கிளம்பிவிட்டார் என்றது. பக்கத்து வீட்டில் எடுக்கவில்லை. மின்சார ஆபீசில் லைன் கிடைக்கவில்லை. என் மேசைமேல் கிடந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். என்னண்ணே என்றேன். "கரண்ட் வரக்கூடாது தம்பி, வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். போனில் பேசியதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது, அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. அவர் சொன்னதும் சிலிண்டர்காரர் சொன்னதும்தான்.

வழியெல்லாம் கடைகளின் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். எதுவும் எரியவில்லை. ஒரு திருப்பத்தில் சுவரில் உரசி என் ஸ்கூட்டரின் கண்ணாடியை உடைத்தார், அதற்குக்கூட நிற்கவில்லை. முன்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், சந்து அதற்கு முன்னாலேயே வந்துவிடும். சந்துக்குள் திரும்பினார். சிலிண்டர் வண்டி இல்லை. அப்பாடா என்று மூச்சு விடும்போதே பார்த்தார், அவர் கேட்டின்மேல் ஒரு ஆள்.

தெரியாத ஆள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் கொண்டுவந்த இரும்புக் கம்பி கேட்டில் சாய்த்து வைத்திருக்கிறது, அதன் நுனி குழாய்த் தண்ணீர் வழிந்தோடும் ஈரத்தில்.

யாருக்காக அந்த ஏற்பாடோ, அவன் சரியாக அதன்மேல் உட்கார்ந்திருந்தான். வாசலில் நின்று பார்த்தவன் இவனாக இருக்கலாம். இவர் அங்கேயே நின்றிருந்தால் போதும். கையை ஓங்கவேண்டாம். ஒன்றும் செய்யாமல் நின்றால் போதும், மீதியைக் கரண்ட் பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு வந்ததா என்று நான் கேட்டேன். "வந்துச்சு தம்பி. வந்ததும் எனக்கு என்மேலயே பயம் வந்துருச்சு" என்றார்.

"கையை எடுடா! இறங்குடா!" என்று கத்தினார். கத்தினால் யார் இறங்குவான்? அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். உள்ளே குதித்துவிடலாமா என்று பார்த்தான். இவர் ஓடிப்போய் வெளியே தொங்கிய காலைப் பிடித்தார். பிடிக்கும்போதே தெரியும், இந்த நொடி கரண்ட் வந்தால் அவன் வழியாக இவருக்கும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அவன் உதைத்தான். முழங்கையோ முட்டியோ வாயில் பட்டு உதடு கிழிந்தது. இவர் விடவில்லை. இருவரும் சந்தில் பொத்தென்று விழுந்தார்கள். அவன் கழுத்தைப் பிடித்தான்.

"கேட்டுல… கரண்ட்டுடா" என்றார் இவர். அவன் நம்பவில்லை.

அப்போதுதான் கரண்ட் வந்தது. எங்கள் கடைத்தெருவே ஹே என்று கத்தியது. மிஷின் விளக்கு எரிந்ததும் நானும் கத்தினேன், கையைத் தட்டினேன். அங்கே அந்தச் சந்தில், சாய்த்து வைத்த கம்பியின் நுனி ஈரத்தில் படபடவென்று பொரிந்து நீலமாக எரிந்தது. கேட்டு முழுக்க உறுமியது. அவன் கை இவர் கழுத்திலிருந்து தானாக நழுவியது. அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான். கேட்டைப் பார்த்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்னால் நகர்ந்து எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டான். 

சந்து முனையில் சிலிண்டர் வண்டியின் மணி கேட்டது.

சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. முன்பக்கமாகச் சுற்றி ஓடிப் பூட்டைத் திறக்கவேண்டும். இவர் போனால் கேட்டருகே ஆள் இல்லை. நின்றால் கரண்ட் நிற்காது, அந்தக் கம்பி எந்தப் பக்கம் சரியும் என்றும் தெரியாது. சந்தில் வேறு யார் வருவார்கள் என்றும் தெரியாது. அந்த ஆளைப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"நான் உள்ள போய் ஆஃப் பண்றேன். நீ இங்கயே நில்லு. யாரையும் தொட விட்றாதே. கையெடுத்துக் கும்பிடறேன்."

அவன் ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தார். ஓடாமல் இருக்க அவனுக்கு என்ன கட்டாயம்? முன்பக்கம் ஓடி, கதவைத் திறந்து உள்ளே போனார். சமையலறையில் பல்பு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அமுக்கினார். அணைந்தது. அதையும் நம்பாமல் திரும்ப ஓடி மெயினையே இறக்கினார். ஒரு அலறல் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு தெரிந்தது. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றான். எதிரே தோளில் சிலிண்டரோடு சிலிண்டர்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் தள்ளுய்யா. வெயிட்டோட நிக்கறேன், வெளையாடறியா?"

"வேணாம்ண்ணே, தொடாதீங்கண்ணே. கரண்ட்டு இருக்கு. செத்துருவீங்கண்ணே."

"நீ யாரு அதைச் சொல்ல? உன் வீடா இது?"

 அவன் கையை இறக்கவில்லை. சிலிண்டர்காரர் ஒரு கையால் அவன் நெஞ்சில் தள்ளினார். கேட்டில் பட்டுவிடாமல் காலை ஊன்றிக்கொண்டு நின்று, அழுகிற குரலில் வேணாம்ண்ணே, வேணாம்ண்ணே என்று அதையே சொன்னான்.

"ஆஃப் பண்ணிட்டேன்" என்றார் இவர்.   பிறகு வெளியே வந்து இவரே கேட்டைப் பிடித்துத் திறந்தார். சிலிண்டர்காரர் உள்ளே வந்து இறக்கி வைத்தார். கிழிந்த உதட்டையும் அந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருண்ணே இவன்? கிறுக்கனா? உசுரை விட்டு மறிக்கறான்."

 திருடன் என்று சொன்னால் சந்தே கூடி அவனை அடித்துத் துவைத்துவிடும். போலீசைக் கூப்பிட்டால் அவன் கேட்டின்மேல் ஏறியதையும் சொல்லவேண்டும், கேட்டில் என்ன இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். டெஸ்டர் காலி சிலிண்டரை எடுத்து வந்து வைத்தார். சிலிண்டர்காரர் காலி சிலிண்டரை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி போனார்.

சந்தில் இரண்டு பேரும் நின்றார்கள். வாசலில் நின்றவன் நீதானா என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இருக்கிறதா என்று தோன்றியதாம். அவன் தன் இரும்புக் கம்பியை எடுக்கவில்லை, அதன் பக்கமே போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். கொஞ்சம் போனவன் திரும்பினான்.

"அண்ணே, வீட்டுல அக்கா இருக்காங்கல்ல?"

அன்று வாசலில் நின்றவன் இவன்தான் என்று இவருக்குத் தெரிந்துவிட்டது. "இருக்காங்க" என்றார்.

"அந்த வயரை இன்னைக்கே அவுத்துடுங்கண்ணே. அவங்க தெரியாம தொட்டுருவாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவர் அப்படியே சந்தில் உட்கார்ந்து அழுதார். ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது என் கடையில் இதையெல்லாம் சொன்னார், சொல்லும்போதும் அழுதார். உடைந்த கண்ணாடியைப் பற்றி இருவரும் பேசவில்லை. நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மிஷினை நிறுத்தி, கடையைச் சாத்திக்கொண்டு அந்த வயரைப் பிரிக்க அவரோடு போனேன்.